தெர்மோஸ்டாட் மாற்றப் போகிறீர்களா? முதலில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள்

ஜனவரி மாதம், வெளியே பனி உறைந்து கிடந்த ஒரு காலை. லண்டனின் வடமேற்கே ஹாரோவில், 1930களில் கட்டிய எங்கள் வீட்டு நடையில் இருந்த, அறையின் சூட்டைப் பார்த்துப் பாய்லரை இயக்கும் தெர்மோஸ்டாட்டின் திருகை 15 டிகிரியிலிருந்து 22 வரை திருப்பினேன். எப்போதும் கேட்கும் அந்த ‘டிக்’ சத்தம் கேட்கவில்லை. உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சில்லென்று கிடந்தன. அன்று மதியமே தள்ளுபடியில் கிடைத்த ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை வாங்கி வந்துவிட்டேன். பாய்லர் ஓடும் நேரத்தைக் குறிக்கும் பழைய புரோகிராமரின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தவறு புரிந்தது. நான் வாங்கியது ஒற்றைச் சேனல் கருவி; ரேடியேட்டர்களை இயக்கவும் நிறுத்தவும் மட்டுமே அதனால் முடியும். எங்கள் வீட்டில் வெந்நீருக்கென்று தனியாக இன்னொரு சேனல் ஓடிக்கொண்டிருந்தது. இருபது வருடமாக அது அங்கே இருந்திருக்கிறது, நான் கவனித்ததில்லை.

எதிர்வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி தெர்மோஸ்டாட்டைப் பற்றியதே அல்ல. “தம்பி, உங்கட வீட்டில மேல தண்ணித் தாங்கி இருக்கோ?”

பிரிட்டனில் தெர்மோஸ்டாட் வாங்கப் போகும் எவரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எந்த பிராண்ட், எந்த ஆப், எவ்வளவு தள்ளுபடி என்பதெல்லாம் அப்புறம். ஏனென்றால் இந்த ஊரில் பெரும்பாலும் வீட்டைச் சூடாக்கும் பாய்லரேதான் குளிக்கிற தண்ணீரையும் சூடாக்குகிறது. தண்ணீர் வரும் விதம் மாறினால், பாய்லருக்குக் கட்டளையிடும் கருவியும் மாறும்.

மூன்று வகை வீடுகள்

முதல் வகையை நம் ஊர்க்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். மொட்டைமாடித் தொட்டியில் நீரை நிரப்பி, அது தன் எடையால் கீழே இறங்கிக் குழாய்களில் வருவதுபோல, பழைய ஆங்கிலேய வீடுகளில் கூரைக்கு அடியில் உள்ள லாஃப்டில் ஒரு தொட்டி இருக்கும். வழக்கமான அளவு 50 காலன், அதாவது 227 லிட்டர். நம் வீட்டில் மோட்டார் போட்டு ஏற்றுவோம்; இங்கே தெருக் குழாயின் அழுத்தமே அதை லாஃப்ட் வரை ஏற்றிவிடுகிறது. அந்தத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர், மாடியில் ஓர் அலமாரிக்குள் நிற்கும் செம்பு உருளைக்குள் போய்ச் சூடாகும். அதை இங்கே சிலிண்டர் என்கிறார்கள். நம் ஊர் கேஸ் சிலிண்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வெந்நீர் சேர்த்து வைக்கும் பாத்திரம். சுமார் 120 லிட்டர் பிடிக்கும்.

லாஃப்டில் அந்தப் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு தொட்டியும் இருக்கும். பலர் அதைக் கவனிப்பதில்லை. அது குழாய்களுக்கானது அல்ல, ரேடியேட்டர்களுக்கானது. இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: வீட்டுக்குள் இரண்டு தண்ணீர்கள் இருக்கின்றன. ஒன்று நாம் குடிப்பதும் குளிப்பதும். இன்னொன்று பாய்லருக்கும் ரேடியேட்டர்களுக்கும் இடையே மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பது. துரு கலந்து கறுத்துப்போய் இருக்கும் அது. இரண்டும் கலக்கவே கூடாது, கலப்பதும் இல்லை. சிலிண்டருக்குள் ஒரு சுருள் குழாய் வழியாக அந்தக் கறுப்புத் தண்ணீர் ஓடி, வெளியே நிற்கும் நல்ல தண்ணீருக்குத் தன் சூட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும்.

இரண்டாவது வகை காம்பி பாய்லர். இன்று லண்டன் வீடுகளில் அதிகம் பார்ப்பது இதுதான். தொட்டியும் இல்லை, சிலிண்டரும் இல்லை. வெந்நீர்க் குழாயைத் திறந்தால், தெருவிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர் நேராகப் பாய்லருக்குள் புகுந்து, ஓடும்போதே சூடாகி வெளியே வரும். நம் ஊர் குளியலறையில் மாட்டும் இன்ஸ்டன்ட் கீசர் போலத்தான், ஆனால் பல மடங்கு பெரியது. வெந்நீர் கேட்கும்போது ரேடியேட்டர் வேலையைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு அதைச் செய்யும். எனவே வெந்நீருக்கு நேரம் குறிக்க வேண்டிய அவசியமே இல்லை; ஒற்றைச் சேனல் தெர்மோஸ்டாட் போதும். நான் வாங்கி வந்த பெட்டி இந்த வீடுகளுக்கானது.

மூன்றாவது வகையில் சிலிண்டர் உண்டு, லாஃப்ட் தொட்டி கிடையாது. தெருக்குழாயின் அழுத்தத்திலேயே சிலிண்டர் மூடிய நிலையில் வேலை செய்யும். புதிதாகக் கட்டிய வீடுகளிலும், இரண்டு மூன்று குளியலறை உள்ள வீடுகளிலும் இருக்கும். மூடிய பாத்திரத்துக்குள் அழுத்தத்தோடு வெந்நீர் இருப்பதால் இது விளையாட்டு இல்லை. பாதுகாப்பு வால்வுகளும் வெளியேற்றும் குழாயும் உண்டு, அதற்கென்றே தனிச் சான்றிதழ் பெற்ற பிளம்பர்தான் தொட வேண்டும். தெர்மோஸ்டாட் பார்வையில் இதுவும் முதல் வகை போலத்தான்: இரண்டு சேனல்.

உங்கள் வீடு எந்த வகை என்று கண்டுபிடிக்க லாஃப்டில் ஏறக்கூட வேண்டாம். மாடியில் துணி உலர்த்தும் அலமாரியைத் திறந்து பாருங்கள். சிலிண்டர் இல்லையென்றால் பெரும்பாலும் காம்பி. சிலிண்டர் இருந்தால், குளியலறைக் குளிர்நீர்க் குழாயையும் சமையலறைக் குழாயையும் அடுத்தடுத்துத் திறந்து பாருங்கள். சமையலறையில் வேகமாகவும் குளியலறையில் மெதுவாகவும் வந்தால் மேலே தொட்டி இருக்கிறது. அப்படியானால் குடிக்கும் தண்ணீரைச் சமையலறைக் குழாயிலேயே பிடியுங்கள். அது நேராகத் தெருவிலிருந்து வருவது. குளியலறைத் தண்ணீர் லாஃப்ட் தொட்டியில் தேங்கி நின்று வருவது, அதன் மூடி சரியாக இருக்கிறதா என்று பல வருடம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆங்கிலேயர் வீட்டில் வெந்நீருக்கு ஒரு குழாய், குளிர்ந்த நீருக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக இருப்பதைப் பார்த்து, வந்த புதிதில் எல்லோரும் ஆச்சரியப்படுகிறோம். அதற்கு இந்தத் தொட்டியும் ஒரு காரணம்.

கெட்டது தெர்மோஸ்டாட்தானா?

காசைச் செலவழிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். வீடு குளிர்ந்தால் கை முதலில் சுவரில் இருக்கும் கருவிக்குத்தான் போகிறது. ஆனால் பல சமயம் குற்றவாளி தண்ணீர்தான்.

காம்பி பாய்லரின் முகப்பில் அழுத்தம் காட்டும் ஒரு முள் இருக்கும், புதியவற்றில் எண். பாய்லர் ஆறியிருக்கும்போது அது 1-க்கும் 1.5-க்கும் இடையில் (‘பார்’ என்ற அழுத்த அளவில்) இருக்க வேண்டும். ரேடியேட்டரில் எங்காவது சிறு கசிவு இருந்தாலும், காற்றை வெளியேற்ற நீங்களே சாவி போட்டுத் திறந்திருந்தாலும் அழுத்தம் குறையும். மிகவும் குறைந்தால் பாய்லர் தன்னைப் பாதுகாத்துக்கொள்ள நின்றுவிடும். தெர்மோஸ்டாட் சரியாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கும், பாய்லர்தான் மறுக்கும். பாய்லருக்கு அடியில் உள்ள சிறு குழாயின் வால்வைத் திறந்து, தெருத் தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே விட்டு, முள் 1.2 வந்ததும் மூடினால் வேலை முடிந்தது. மாதாமாதம் இப்படிச் செய்ய வேண்டி வந்தால் கசிவைத் தேட வேண்டும், தெர்மோஸ்டாட்டை அல்ல.

தொட்டி வீடுகளில் இதற்கு இணையான கோளாறு லாஃப்டின் அந்தச் சின்னத் தொட்டியில் நடக்கும். மிதவை வால்வு ஒட்டிக்கொண்டால் தொட்டி காலியாகி, ரேடியேட்டர்களுக்குள் காற்று புகுந்துவிடும். மாடி ரேடியேட்டர்கள் முதலில் குளிர்ந்தால் இதைச் சந்தேகிக்கலாம். அடுத்து, வெந்நீர் நன்றாக வருகிறது, ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை என்றால், தண்ணீரைப் பிரித்து அனுப்பும் மோட்டார் வால்வு சிக்கியிருக்கலாம். எங்கள் வீட்டில் இவை எல்லாவற்றையும் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் தெர்மோஸ்டாட்டுக்குள் இருந்த இரட்டை உலோகத் தகடு செத்துப்போனது உறுதியானது. சூட்டில் வளைந்து சுவிட்சைத் தொடும் அந்தத் தகடுதான் அந்த ‘டிக்’.

இனி தெர்மோஸ்டாட்டுகள்

கடையில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். அதே மாதிரி ஒயர் கொண்ட சாதாரணக் கருவி. ஒயர் இல்லாத, ஆனால் இணையமும் தேவைப்படாத புரோகிராம் கருவி. இணையத்தோடு பேசும் ஸ்மார்ட் கருவி.

சாதாரணக் கருவியைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுமார் 20 முதல் 40 பவுண்டுக்குள் முடிந்துவிடும். அதே இடத்தில், அதே ஒயர்களில், அரை மணி நேரத்தில் மாறிவிடும். திருகு வகைக்குப் பதில் எண் காட்டும் மின்னணு வகையை எடுத்தால் போதும். பழைய தகடு இரண்டு டிகிரி வரை மேலும் கீழும் ஊசலாட விடும், மின்னணு வகை அரை டிகிரிக்குள் வைத்திருக்கும். குறை என்னவென்றால், இது அறையின் வெப்பத்தை மட்டும் பார்க்கும். வெந்நீர் நேரம் பழைய புரோகிராமரிடமே இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, இரண்டு வருடத்தில் பாய்லரையே மாற்றப் போகிறவர்களுக்கு, இதுவே நல்ல முடிவு. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

ஒயர் இல்லாத வகையில் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று பாய்லர் அருகே அல்லது பழைய புரோகிராமர் இருந்த இடத்தில் பொருத்தும் ரிசீவர். இன்னொன்று பேட்டரியில் ஓடும் தெர்மோஸ்டாட். எந்த அறையிலும் வைத்துக்கொள்ளலாம். இது சின்ன வசதி போலத் தெரியும், ஆனால் பெரியது. எங்கள் வீட்டில் பழைய கருவி வாசல் நடையில் இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் குளிர் அடித்து, பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கும். உட்காரும் அறையில் வேர்க்கும். தெர்மோஸ்டாட்டை உட்காரும் அறைக்கு மாற்றியதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்த அறை ரேடியேட்டரின் பக்கத்தில் தானாக மூடிக்கொள்ளும் எண் போட்ட திருகு வால்வு இருந்தால், அதை முழுவதும் திறந்து வைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும்: வால்வு மூடிக்கொள்ளும், அறை சூடாகாது, தெர்மோஸ்டாட் பாய்லரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த வகையிலும் ஸ்மார்ட் வகையிலும்தான் சேனல் கணக்கு முக்கியம். ஹைவ் என்ற பிராண்ட் ஒற்றைச் சேனல் ரிசீவரும் விற்கிறது, இரட்டைச் சேனலும் விற்கிறது. டிரேட்டன் வைசர் என்ற இன்னொரு பிராண்டில் காம்பிக்கு ஒரு பெட்டி, சிலிண்டர் வீட்டுக்கு வேறு பெட்டி. இரண்டும் வெளியே ஒரே மாதிரி இருக்கும், விலையில் பெரிய வித்தியாசமும் இருக்காது. தள்ளுபடி அலமாரியில் நான் தவறியது இந்த இடத்தில்தான். பெட்டியின் பின்புறத்தில் வெந்நீரைக் கட்டுப்படுத்தும் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

காம்பி வீட்டுக்காரர்கள் சேனலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஆனால் அவர்களுக்கு வேறொரு விஷயம் இருக்கிறது. சாதாரண தெர்மோஸ்டாட் பாய்லரிடம் சொல்வது இரண்டே வார்த்தை: ஓடு, நில். பாய்லர் ஓடும்போது, அதில் குறித்து வைத்த அதே சூட்டுக்குத்தான் தண்ணீரைக் கொண்டுபோகப் பார்க்கும். இப்போதைய பாய்லர்கள் எல்லாம் புகையில் உள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் திரும்ப எடுத்துக்கொள்பவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 முதல் அப்படித்தான் பொருத்த வேண்டும் என்பது விதி. ஆனால் ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த ஆவி நீராகும். எப்போதும் அதிகச் சூட்டில் ஓடும் பாய்லர், காசு கொடுத்து வாங்கிய அந்தத் திறனைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. ஓப்பன்தெர்ம் என்ற முறையில் பேசும் தெர்மோஸ்டாட், “இப்போது 45 டிகிரி போதும், மெதுவாக ஓடு” என்று பாய்லரிடம் அளவு சொல்லும். உண்மையான சேமிப்பு இதில் இருக்கிறது என்பது என் கருத்து. கைபேசியில் பார்ப்பது வசதி. பாய்லரை மெதுவாக ஓட்டுவதுதான் கேஸ் பில்லைத் தொடும். ஆனால் எல்லாப் பாய்லரும் இந்த மொழியைப் பேசாது. வைலண்ட், வூஸ்டர் பாஷ் போன்றவை தங்களுக்கென்று தனி மொழி வைத்திருக்கின்றன. அவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் கருவியை வாங்குவது பெரும்பாலும் நல்லது. பாய்லரின் கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் தெர்மோஸ்டாட் கடைக்குப் போக வேண்டும். இங்கிலாந்தில் 2018 ஏப்ரல் முதல், புதிதாகக் காம்பி பொருத்தினால் இப்படிப்பட்ட ஏதாவது ஒரு கூடுதல் ஏற்பாடும் சேர்த்தே பொருத்த வேண்டும் என்பது சட்டம். எனவே பாய்லரையே மாற்றுகிறவர்கள் பொருத்துபவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

சிலிண்டர் வீட்டுக்காரர்கள் இந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பாய்லர் வெப்பத்தைக் குறையுங்கள், 50-இல் வையுங்கள் என்று நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் வீட்டில் காம்பி இருக்கும். சேர்த்து வைக்கும் வெந்நீர் 60 டிகிரியைத் தொட வேண்டும். 20-இலிருந்து 45 டிகிரி வரையான நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். அந்த நீர்த் திவலைகளை மூச்சில் இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம். 1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர்களின் மாநாட்டுக்குப் போன பலர் இறந்த பிறகுதான் இந்தக் கிருமியே கண்டுபிடிக்கப்பட்டது. சிலிண்டரை 60-க்குக் கொண்டுவர, அதற்குள் ஓடும் பாய்லர் தண்ணீர் அதைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். சிலிண்டரின் வயிற்றில் கட்டியிருக்கும் சின்ன தெர்மோஸ்டாட் 60-இல் இருக்கிறதா என்று பாருங்கள், பாய்லரை 65-க்குக் கீழே இறக்காதீர்கள். வீட்டில் வயதானவர்களோ குழந்தைகளோ இருந்தால் 60 டிகிரித் தண்ணீர் கையைச் சுட்டுவிடும். அதற்குக் குழாயில் கலவை வால்வு போட வேண்டும், சிலிண்டரைக் குறைக்கக் கூடாது.

சிலிண்டரைத் தூக்கிவிடலாமா?

தெர்மோஸ்டாட் விஷயமாக வீட்டைப் பார்க்க வந்த ஒருவர், “எதற்கு இந்தத் தொட்டி, சிலிண்டர் எல்லாம், காம்பி போட்டுவிடுங்கள், அலமாரி காலியாகும்” என்றார். பலரிடமும் இப்படிச் சொல்வார்கள். சில வீடுகளுக்கு அது சரி. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது ஒரு வாளி.

பத்து லிட்டர் வாளியைச் சமையலறைக் குழாயின் கீழே வைத்து, குழாயை முழுதாகத் திறந்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். காலை ஏழரைக்கு ஒருமுறை, தெருவே குளிக்கும் நேரத்தில். அப்புறம் மதியம் ஒருமுறை. காலையில் எங்கள் வீட்டில் 70 நொடி ஆனது. நிமிடத்துக்கு எட்டரை லிட்டர். காரணம் பிறகு தெரிந்தது. பக்கத்து வீட்டோடு ஒரே குழாயைப் பகிர்ந்துகொள்கிறோம், அதுவும் குறுகிய பழைய ஈயக் குழாய். 1970-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயக் குழாய் இருக்க வாய்ப்பு உண்டு. சமையலறை சிங்க்குக்குக் கீழே, தெருத் தண்ணீரை அடைக்கும் வால்வான ஸ்டாப்காக் பக்கத்தில் குழாயை நாணயத்தால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். மென்மையாகவும் வெள்ளியாகவும் மின்னினால் ஈயம். குடிநீருக்கு அது நல்லதல்ல என்பதால் தண்ணீர் நிறுவனத்திடம் பேசி மாற்றுவது எப்படியும் நல்லது.

காம்பியின் சக்தியும் தண்ணீரும் ஒரே கணக்கில் வரும். 24 கிலோவாட் பாய்லர் குளிர்ந்த நீரை 35 டிகிரி கூட்டினால் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்கும். 30 கிலோவாட் பன்னிரண்டு லிட்டர். ஒரு ஷவருக்கு அது தாராளம். ஒரே நேரத்தில் மாடியில் ஒருவர் குளித்து, கீழே ஒருவர் பாத்திரம் கழுவினால் இருவரில் ஒருவர் கத்துவார். தெருவிலிருந்து எட்டரை லிட்டர்தான் வருகிறது என்றால், எவ்வளவு பெரிய பாய்லர் போட்டாலும் அதற்கு மேல் வராது. நம் ஊரில் தெருக்குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுவதுபோல இங்கே செய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுக்கும் பம்பைத் தெருக்குழாயில் நேராக மாட்ட, தண்ணீர் நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

லண்டன் தண்ணீர் கடினமானது என்பதையும் கணக்கில் எடுங்கள். கெட்டிலில் படியும் அதே சுண்ணாம்பு, காம்பியின் மெல்லிய வெப்பத் தகடுகளுக்குள்ளும் படியும். ஷவரில் தண்ணீர் சூடாகவும் குளிராகவும் மாறி மாறி வந்தால் பெரும்பாலும் அதுதான். சிலிண்டரிலும் சுண்ணாம்பு படியும், ஆனால் அகலமான பாத்திரம், அவ்வளவு சீக்கிரம் உறுத்தாது.

மறுபக்கமும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தொட்டி வீட்டில் மாடி ஷவர் நொந்துபோகும். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். தொட்டியின் அடி ஷவர் தலைக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால் அவ்வளவுதான். அதனால்தான் இந்த வீடுகளில் பலர் மின்சார ஷவர் மாட்டுகிறார்கள். சிலிண்டர் காலியானால் மறுபடி சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் பாய்லர் கெட்டாலும் சிலிண்டருக்குள் இருக்கும், மின்சாரத்தில் தண்ணீரைச் சூடாக்கும் 3 கிலோவாட் ஹீட்டர் காப்பாற்றும். 120 லிட்டரைப் பத்து டிகிரியிலிருந்து அறுபதுக்குக் கொண்டுவர இரண்டே கால் மணிநேரத்துக்குச் சற்று மேல் ஆகும். காம்பி வீட்டில் பாய்லர் நின்றால் வெந்நீரும் நின்றுவிடும். 2018 மார்ச்சில் பெரும்பனிக்குப் பிறகு குழாய்கள் வெடித்து லண்டனில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் நின்றபோது, லாஃப்டில் தொட்டி இருந்தவர்களுக்குக் கழிவறைக்காவது தண்ணீர் இருந்தது.

இன்னொன்று. பாய்லருக்குப் பதிலாக ஹீட் பம்ப் வைக்க இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்ட் உதவி தருகிறது. ஹீட் பம்ப் வைத்தால் வெந்நீர் சேர்த்து வைக்க ஒரு சிலிண்டர் வேண்டும். அலமாரியை இடித்துக் காம்பி போட்டவர்கள் அப்போது அந்த இடத்தை மறுபடி தேட வேண்டியிருக்கும். அந்தச் செம்பு உருளையே அதற்குப் பயன்படாது, ஆனால் அது நிற்கும் இடம் பயன்படும்.

இணையமா, கையா?

ஸ்மார்ட் வகையை நான் எடுக்கவில்லை. அதை எடுப்பவர்கள் தவறு செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். வேலைக்குப் போய் எப்போது திரும்புவோம் என்று தெரியாதவர்களுக்கு, அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு, அறைக்கு அறை வெவ்வேறு சூடு வேண்டும் என்பவர்களுக்கு அது நிஜமாகவே உதவும். எதிர்வீட்டு அக்கா டாடோ என்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வைத்திருக்கிறார், கொழும்பிலிருந்து திரும்பும் விமானம் ஏறும்போதே வீட்டைச் சூடாக்கத் தொடங்கிவிடுகிறார். ஆனால் சுவரில் மாட்டும் ஒரு பொருள் இருபது வருடம் உழைக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. கூகுள் 2025 ஏப்ரலில், ஐரோப்பாவில் இனிப் புதிய நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளை வெளியிடப் போவதில்லை என்று அறிவித்தது. முதல் இரண்டு தலைமுறைக் கருவிகளை அந்த அக்டோபரிலிருந்து ஆப் வழியாக இயக்க முடியாது என்றும் சொன்னது. சுவரில் திருகினால் அவை வேலை செய்யும், ஆனால் ஆப்புக்காகத்தானே வாங்கினார்கள்? எனவே ஸ்மார்ட் எடுத்தாலும், இணையம் போனால் கையால் திருப்ப முடியுமா, வெந்நீருக்கு ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்பா திருச்சியிலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருப்பார். விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிப்பார், வாளியும் குவளையும் வைத்துத்தான். அவரிடம் ஆப் வேண்டாம். வெந்நீர் நாலரைக்குத் தயாராக இருக்க வேண்டும், குளிர்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு மணி நேரம் ஓட வேண்டும்.

ஆகவே இரண்டு சேனல் கொண்ட, ஒயர் இல்லாத, இணையம் இல்லாத கருவியை எடுத்தேன். சுமார் 120 பவுண்ட் ஆனது. பொருத்தக் கூலி தனி. பழைய புரோகிராமரின் பின்தகடு இந்த நாட்டில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொதுவான அளவு என்பதால், அதே தகட்டில் புது ரிசீவர் உட்கார்ந்துவிட்டது. இங்கே தெர்மோஸ்டாட் ஒயர்களில் ஓடுவது 230 வோல்ட் என்பதை மறக்க வேண்டாம். அமெரிக்க வீடியோக்களில் பயமில்லாமல் ஒயரைத் தொடுகிறார்கள். அவர்கள் வீட்டில் அது 24 வோல்ட். நான் எலக்ட்ரீஷியனை அழைத்தேன். நீங்களே செய்யும் பழக்கம் உள்ளவர் என்றால்கூட ஃபியூஸ் சுவிட்சை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் வைத்து உறுதிசெய்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். பாய்லரின் உறையைத் திறப்பது, கேஸ் வேலைக்கான ‘கேஸ் சேஃப்’ பதிவு பெற்றவரின் வேலை, அதில் சமரசமே இல்லை.

பொருத்த வந்தவர் செய்த ஒரு விஷயத்தை எழுதி வைக்கிறேன், பலர் இதில் தவறி மறுநாள் பாய்லர் ஓடவில்லை என்று திண்டாடுகிறார்கள். நடையில் இருந்த பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் மின்சுற்று அங்கே அறுந்துவிடும். அதனால் சிலிண்டர் அலமாரிக்குள் இருந்த இணைப்புப் பெட்டியில், அந்தத் தெர்மோஸ்டாட்டுக்குப் போன மின்சார ஒயரையும் அதிலிருந்து திரும்பி வந்த ஒயரையும் ஒரே முனையில் சேர்த்துவிட்டு, பழைய கேபிளை எடுத்துவிட வேண்டும். அதைச் செய்த பிறகு சுவரில் இருந்த ஓட்டையைப் பூசி, மேலே ஒரு படம் மாட்டினோம்.

இப்போது தெர்மோஸ்டாட் உட்காரும் அறை அலமாரியில், 19 டிகிரியில் நிற்கிறது. காலை நாலரைக்கு மோட்டார் வால்வு மெதுவாக முனகித் திறக்கும் சத்தம் மாடியில் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து, குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம்.